திருடன் ஜாடி

கண் சரியாகப் பார்த்தது. கை தவறாக எழுதியது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்றால் தண்டனை எதற்குப் போய்ச் சேர வேண்டும்?

மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த ஒரு அம்மாளின் வாழ்க்கை இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று, அதே கூடத்துக்கு மண் அள்ளிக் கொண்டுவந்து கொடுத்த மனிதருக்குத் தோன்றும். அவர் அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உடும்புப் பிடி. இருவரும் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னமும் மழை பெய்து மண்வாசனை எழுந்தால் அவருக்கு ஞாபகம் வருவது அந்த மாடி அறைதான்: சுவரோரம் கல் மேடை, ஒழுகுகிற குழாய், அளவுவாரியாக அடுக்கிய சல்லடைகள், ஜன்னல் பக்கம் முதுகு வளைந்த ஒரு மைக்ரோஸ்கோப், அதைவிடக் கொஞ்சம் குறைவாக முதுகு வளைந்த அந்த அம்மாள்.

ஆபீசில் மண் அள்ளுகிறவருக்கு ‘மண்வெட்டி’ என்று பெயர். அம்மாளுக்குப் ‘பூதக்கண்ணாடி’. இரண்டும் கீழ்த்தளத்துக் குமாஸ்தா வைத்தவை. தனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் குமாஸ்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாமல் போனதே நல்லது.

அம்மாள் வேலையில் சேர்ந்த முதல் வாரம், மண்வெட்டிக்காரர் தோள்பையை மேடையில் கவிழ்த்து ஜாடிகளை வரிசையாக நிறுத்தினார்.

“மேடம், பன்னெண்டு பூங்கா, ஆறு பள்ளிக்கூடம், ஒரு பஸ் நிலையம்.”

“பஸ் நிலையத்துல எதுக்குங்க?”

“மனுஷன் அங்கதான் மேடம் ரொம்ப அவசரத்துல இருப்பான்.”

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து மேடம் போய்த் தங்கச்சி வந்தது. அவரும் ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். மூன்று வயது மூப்புக்கு அது ஒன்றும் அதிக மரியாதை இல்லை.

வேலை என்னவென்று வெளியாட்களிடம் சொல்வது கஷ்டம். மனிதன் வயிற்றிலும் நாய் பூனை வயிற்றிலும் குடியிருக்கும் புழுக்கள் இடுகிற முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து மண்ணில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. வெயிலுக்கும் மழைக்கும் சாகாது. மண்ணைத் தொட்ட கை வாய்க்குப் போனால் முட்டையும் கூடவே போகும். எந்த மண்ணில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அந்த மாடி அறையின் பிழைப்பு. “வீட்டுக்காரம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?” என்று யாராவது கேட்டால் அம்மாளின் கணவர், “முட்டை எண்ணுறா” என்பார். கோழிப்பண்ணை என்று நினைத்து விலை விசாரித்தவர்களும் உண்டு. வீட்டிலும் அம்மாள் கழுவுகிற கழுவலில் அவருக்கு நிம்மதி இல்லை. “கீரையைக் கழுவறியா, இல்ல குளிப்பாட்டி விடறியா?” என்று சமையலறை வாசலில் நின்று கேட்பாராம்.

மண்வெட்டிக்காரர் அந்த வேலையைப் பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டார். பத்து கிராம் மண்ணைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்; முட்டை பசைபோல் மண் துகளை விடாமல் பிடித்திருக்கும், சோப்புதான் அந்தப் பிடியைத் தளர்த்தும். பிறகு குலுக்கிச் சல்லடையில் வடித்து, சுழலும் எந்திரத்தில் வைத்துச் சுற்றி, மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பு கரையக் கரையப் போட்டு இனிமேல் கரையாது என்கிற வரைக்கும் கெட்டியாக்கிய கரைசலை ஊற்ற வேண்டும். மண் அடியில் தங்கும். முட்டை லேசு, மேலே மிதக்கும். குழாயின் விளிம்புக்கு மேல் கரைசல் குமிழ்போல் எழும்பி நிற்கும்போது மேலே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து இருபது நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும். அப்புறம் நேராக எடுக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் அத்தனை பாடும் பாழ். அம்மாள் அந்தச் சில்லைத் தூக்குகிற நேரத்தில் மட்டும் அறையில் யாரும் மூச்சு விடமாட்டார்கள்.

மைக்ரோஸ்கோப் ஒரே ஒரு கண் வைத்துப் பார்க்கிற பழைய மாடல். அம்மாள் வலது கண்ணால் பார்ப்பார். இடது கண்ணையும் திறந்தே வைத்திருப்பார். மூடினால் தலைவலி வந்துவிடும் என்பது தொழில் ரகசியம். ஒருநாள் மண்வெட்டிக்காரர் ஆசைப்பட்டுக் குனிந்து பார்த்தார்.

“தங்கச்சி! புழுவே தெரியுது! கறுப்பா, நீளமா, துடிக்குது!”

“அது உங்க இமை முடி அண்ணே.”

அந்தக் கதை கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதம் யாரைப் பார்த்தாலும் “இமை சௌக்கியமா?” என்றுதான் கேட்டார்கள்.

அம்மாளைப் பெரிய அறிவாளி என்று சொல்ல முடியாது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்தவர். மகரந்தத் துகளும் காற்றுக்குமிழியும் முட்டை வேஷம் போட்டு ஏமாற்றப் பார்க்கும், அவரிடம் நடக்காது. மனிதரின் உருளைப்புழு முட்டை பொத்தான் வைத்துத் தைத்த மெத்தைபோல மேடு மேடாக இருக்கும். சாட்டைப்புழு முட்டை இரண்டு முனையிலும் மூடி போட்ட பீப்பாய். பூனைப் புழுவின் முட்டை கறுத்த உருண்டை, தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் உறையைப்போல மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி. இப்படி அவர் சொல்லக் கேட்டே மண்வெட்டிக்காரருக்கு அவை சொந்தக்காரர் முகம்போல் ஆகிவிட்டன.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அம்மாளின் கதை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஒவ்வொரு வாரமும் மேடைக்கு வரும் இருபது ஜாடிகளில் ஒன்று பொய். பத்தொன்பது மண்வெட்டிக்காரர் கொண்டுவந்தவை. இருபதாவது, கூடத்தின் தலைவர் தயாரிப்பது. எல்லோரும் அவரை வெறும் ‘சார்’ என்றுதான் அழைத்தார்கள். தோட்டத்து மண்ணை அடுப்பில் நாலு மணிநேரம் சுட்டு, அதில் சொந்தமாக எந்த உயிரும் இல்லாமல் செய்து, இறைச்சிக்கூடத்திலிருந்து வாங்கிய பன்றிப் புழுவின் முட்டைகள் நூற்றை எண்ணி உள்ளே விடுவார். அந்த ஜாடிக்குத் ‘திருடன்’ என்று பெயர். பார்க்கிறவர் ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று சோதிக்க அது வேவுகாரன். நூற்றுக்கு அறுபதாவது கிடைத்தால் அந்த வாரத்து வேலை செல்லும். இல்லையென்றால் இருபதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

லேபிளைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று சார் அதற்கும் ஓர் இடத்தின் பெயரைக் கற்பனை செய்து எழுதுவார். மண்வெட்டிக்காரரின் சீட்டுகளைப் பார்த்து மற்ற லேபிள்களையும் சாரே எழுதுவதால் எல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கும். “ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டுப் பின்புறம்” என்று ஒருமுறை. “உடைந்த குழாயடி, மூன்றாம் சந்து” என்று ஒருமுறை. மனிதர் கதை எழுதப் போயிருக்க வேண்டியவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டி, “திருடன் கிடைச்சானா?” என்பார். அம்மாள் இடத்தையும் எண்ணிக்கையையும் சொல்வார். திருடனின் பெயர் எழுதி மூடிய உறையைச் சார் பிரித்துப் படிப்பார். அப்புறம் அம்மாள் திருடனுடைய வரியை அறிக்கையிலிருந்து அடித்துவிட்டு மற்றதை மேலிடத்துக்கு அனுப்புவார். திருடன் எந்த ஜாடி என்று தவறாக ஊகித்தவர்கள் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் குமாஸ்தாதான் வாங்கினார்.

அம்மாள் தோற்றதே இல்லை. ஏன் என்று மண்வெட்டிக்காரரிடம் மட்டும் சொன்னார்.

“சார்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணே. சுட்ட மண்ணுக்கு வாசனை கிடையாது. தண்ணி ஊத்தினா அப்படியே பொணமாட்டம் கிடக்கும். நிஜ மண்ணு தண்ணி பட்டா ஒரு பெருமூச்சு விடும் பாருங்க.”

“அப்ப மைக்ரோஸ்கோப் எதுக்கு? மூக்கு போதுமே.”

“மூக்கு சொல்லும். ஆனா கண்ணுதான் சாட்சி.”

சாருக்கும் ஏதோ சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் விரலை ஆட்டிச் சொன்னார்: “இருங்க, இருங்க. ஒரு நாளைக்குத் திருடனை வேற வேஷத்துல அனுப்பறேன். அப்ப பார்க்கலாம்.”

ஏழாவது வருஷம் அது நடந்தது.

மண்வெட்டிக்காரர் குடியிருந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் புதிதாக ஒரு குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். அவருடைய இரண்டாவது மகள் சின்னக்குட்டிக்கு அப்போது மூன்று வயது. அவளை அங்கேதான் விட்டார்கள். பின்கட்டில் நாலு வரிசைச் செங்கல் கட்டி உள்ளே மணல் கொட்டியிருந்தார்கள். ஒருநாள் மகளைக் கூப்பிடப் போனபோது ஒரு சாம்பல் பூனை அந்த மணலில் குழி பறித்து, காரியத்தை முடித்து, மரியாதையாக மூடிவிட்டுப் போவதைப் பார்த்தார். அந்த இடம் அவருடைய பட்டியலில் இல்லை. இருந்தாலும் பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து நிரப்பினார். ‘குழந்தைகள் காப்பகம், பின்கட்டு, மணல் தொட்டி’ என்று சீட்டெழுதி ஒட்டினார். ஆக அந்த வாரம் பத்தொன்பதுக்குப் பதில் இருபது.

ஜாடிகளை ஆபீசில் வைத்துவிட்டு, அன்றைக்கே ஜீப்பில் ஏறி வெளியூர் மண் எடுக்கப் போய்விட்டார். மூன்று வார வேலை.

திங்கட்கிழமை காலையில் சாருக்குத் தொலைபேசி வந்தது. மகளுக்குப் பிரசவ வலி, கொஞ்சம் சிக்கல் என்றார்கள். “லேபிளை நீங்களே எழுதிடுங்க, எல்லாம் தயாரா இருக்கு” என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு ஓடினார். எல்லாம் தயாராக இருப்பதாகத்தான் அவரும் நம்பினார். குமாஸ்தா எண்ணிப் பார்த்தார், இருபது ஜாடி. கணக்குச் சரி. சீட்டைப் பார்த்து லேபிள் எழுதி மாடிக்கு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து மண்வெட்டிக்காரர் திரும்பி வந்தார். புழுதித் தலையோடு மாடியேறி, மேடை ஓரத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே கேட்டார்:

“ஏன் தங்கச்சி, நம்ம காப்பகத்துல என்ன வந்துச்சு?”

“எந்தக் காப்பகம்?”

“அதான், குழந்தைங்க காப்பகம். மணல் தொட்டி.”

அம்மாள் சிரித்தார். “உங்க வரைக்கும் வந்துடுச்சா அந்தக் கதை? அது திருடன் அண்ணே! இந்தத் தடவை சார் என்னமா கற்பனை பண்ணியிருக்கார், பாத்தீங்களா? பின்கட்டாம், மணல் தொட்டியாம்! வேஷம்கூட மாத்திட்டார். பன்னி முட்டைக்குப் பதிலா பூனை முட்டை. அறுபத்து நாலு எடுத்தேன்.”

மண்வெட்டிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது நிஜ இடம் தங்கச்சி. எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கு. நான்தான் அள்ளினேன். என் சின்னவ அங்கதான் இருக்கா.”

அந்த நொடியில் அம்மாளின் முகம் எப்படி இருந்தது என்பதை அவர் யாரிடமும் விவரித்ததில்லை. விவரிக்க வராது. அம்மாள் மெதுவாகச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

“தண்ணி ஊத்தினப்ப வாசனை வந்துச்சு அண்ணே. பெருமூச்சு விட்டுச்சு. ஒரு நிமிஷம் நின்னேன். முட்டையும் வேற. அப்பவும் நின்னேன். வெள்ளிக்கிழமை சார் ஆஸ்பத்திரிலேருந்து போன் பண்ணி ‘திருடன் கிடைச்சானா’ன்னார். இந்த இடம், இவ்வளவுன்னு சொன்னேன். இருந்த அவசரத்துல சரியாக்கூடக் கேக்காம ‘நல்லது, நல்லது, மத்ததை அனுப்பிடுங்க’ன்னார். அடிச்சுட்டேன். அந்த வரியை நான்தான் அடிச்சேன்.”

அம்மாள் பக்கத்து அறைக்குப் போய்ச் சுடும் அடுப்பைத் திறந்தார். சார் மூன்று வாரத்துக்கு முன்னால் சுட்ட மண் தட்டோடு அப்படியே உள்ளே இருந்தது.

அம்மாள் அதுவரை ஒருநாளும் அந்த அறையை விட்டு வேலை நேரத்தில் வெளியே போனவர் இல்லை. அன்று வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் மண்வெட்டிக்காரரோடு நடந்தார். காப்பகத்தில் பதினெட்டுக் குழந்தைகள் மணலில் இருந்தன. ஒன்று மணல் சோறு பொங்கி இன்னொன்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அம்மாள் செங்கல் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கி, ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி வெளியே விட்டார். சின்னக்குட்டியைத் தூக்கும்போது அவள், “நீங்க டாக்டரா?” என்று கேட்டாள். “அத்தை” என்றார் அப்பா. அதன் பிறகு அவளுக்கு அவர் அத்தைதான்.

மணலை வாரி எடுத்துப் போய் ஆழப் புதைத்தார்கள். தொட்டியை இடித்தார்கள். குழந்தைகளுக்கு ரத்தம் பார்த்து மருந்து கொடுத்தார்கள். சிலருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து போனது. சின்னக்குட்டியும் பத்து நாள் இருமினாள். எல்லோரும் தேறினார்கள். மேலிடத்துக்கு மூன்று கடிதங்கள் போயின. திருடன் ஜாடி வைக்க மறந்தது என் தவறு என்று சார் எழுதினார். பட்டியலில் இல்லாத இடத்தை யாரிடமும் சொல்லாமல் சேர்த்தது என் தவறு என்று மண்வெட்டிக்காரர், குமாஸ்தாவின் கையைக் காலைப் பிடித்து எழுதி வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதாதது என் தவறு என்று அம்மாள் எழுதினார். மேலிடம் மூன்றையும் படித்துவிட்டு, “இனிமேல் கவனம் தேவை” என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியது.

அதற்குப் பிறகு அம்மாளிடம் ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு ஜாடியையும் கையில் எடுத்து லேபிளைப் படித்து, “அண்ணே, இந்த இடம் நிஜமா இருக்கா?” என்று கேட்பார்.

“இருக்கு தங்கச்சி.”

“எப்படி இருக்கு?”

“ஊஞ்சல் ரெண்டு இருக்கு. ஒண்ணுல ஒரு பக்கம் சங்கிலி அறுந்துபோச்சு. அதுலதான் கூட்டம்.”

திருடனின் பெயர் வந்தால் மண்வெட்டிக்காரருக்கு அந்த இடம் தெரியாது; இருந்தாலும் விடமாட்டார். “ஓ, தபால்காரர் வீடா? மனுஷன் ரொம்ப முசுடு. ‘மண்ணுதானே, கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோ’ன்னான்” என்பார். அம்மாளுக்குப் புரிந்துவிடும், சிரிப்பார். ஆனால் அதையும் மற்றதைப்போலவே பார்த்து, பார்த்ததை எழுதுவார். தன் கையால் எந்த வரியையும் அடிக்கமாட்டார். அதிலிருந்து இருபதுக்கும் எண்ணிக்கை சாரிடம் போகும். திருடனைக் கழிப்பது சாரின் வேலை.

அந்த வருஷங்கள்தான் மண்வெட்டிக்காரருக்கு இனிக்கிற வருஷங்கள். காலை பத்து மணிக்கு ஜன்னல் வெயில் மேடையின் பாதிவரை வரும். சுழலும் எந்திரம் சுற்றுகிற வேகத்தில் நகர்ந்து நகர்ந்து மேடை விளிம்புக்குப் போய்விடும்; யாராவது ஓடிப் பிடிக்க வேண்டும். சில்லுக் கண்ணாடி வைத்த இருபது நிமிஷத்தில்தான் அவர் ஊரைச் சொல்வார். எந்தப் பூங்காவில் பெஞ்சு உடைந்தது, எந்தப் பள்ளிக்கூடத்துக் காவல்காரர் மறுகல்யாணம் செய்துகொண்டார், எந்த மைதானத்தில் புல்லே இல்லை, எல்லாம். தெருவில் அதிகம் இறங்காத அந்த அம்மாளுக்கு ஊரின் ஒவ்வொரு மூலையும் தெரிந்திருந்தது. ஒருநாள் இவர் “வடக்குப் பூங்கா” என்றதும், “அந்த மஞ்சள் சறுக்குமரத்துக்குக் கீழேயா, குழாய் பக்கமா?” என்று கேட்டார். இவர் அதிர்ந்துபோனார். பார்க்காமலே பார்க்கவும் ஒருவரால் முடிகிறது.

சின்னக்குட்டிக்கு ஆறு வயதானபோது, பள்ளி விடுமுறையில் ஒருநாள் அப்பாவோடு மாடிக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, “அத்தை, நானும் பாக்கணும்” என்று காலைச் சுற்றினாள்.

“புழு முட்டை வேண்டாம். உனக்கு ஒரு அழகு காட்டறேன்” என்று அம்மாள் ஒரு பூவின் மகரந்தத்தை வைத்தார். முள் முள்ளாய் உருண்டையாய், மஞ்சளாய் இருக்கும். ஸ்டூலின் மேல் ஏற்றி நிறுத்தினார். சின்னக்குட்டி இடது கண்ணை வைத்துக் குனிந்தாள்.

“ஒண்ணும் இல்லையே அத்தை.”

“நடுவுல பாரு கண்ணு.”

“நடுவுலதான் கறுப்பா இருக்கு.”

அம்மாள் லென்ஸைத் துடைத்தார். தானே ஒருமுறை பார்த்தார். உருண்டை நடுவில்தான் இருந்தது.

“இப்ப?”

“இப்பவும் கறுப்புதான். ஓரத்துல மட்டும் வெளிச்சம்.”

“இந்தக் கண்ணால பாரு.”

சின்னக்குட்டி வலது கண்ணை வைத்தாள். “ஐ! பந்து! முள்ளுப் பந்து!”

அம்மாள் அவளை ஸ்டூலிலிருந்து இறக்கிவிடவில்லை. அவளுடைய இரண்டு தோளையும் பிடித்தபடியே நின்றார். மண்வெட்டிக்காரர் அறைக் கோடியில் ஜாடி கழுவிக்கொண்டிருந்தார், எதையும் கவனிக்கவில்லை. “அண்ணே, நாளைக்கே இவளைக் கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க” என்று அம்மாள் சொன்ன குரலில்தான் தலையைத் தூக்கினார்.

டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். இடது கண்ணின் பின்பக்கம் ஒரு பழைய தழும்பு. புழுவின் குஞ்சு ஒன்று ரத்தத்தில் ஏறி அங்கே வந்து செத்திருக்கிறது என்றார். இனி பரவாது, ஆனால் அந்தக் கண்ணால் நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு புள்ளி மறைத்துக்கொண்டேதான் இருக்கும். எப்போது வந்தது என்று கேட்டதற்கு, “வருஷங்கள் ஆகியிருக்கும். தேதி எல்லாம் சொல்ல முடியாது” என்றார். காப்பகம் திறந்த முதல் நாளாக இருக்கலாம். அந்த வரியை அடித்த வெள்ளிக்கிழமைக்குப் பிந்தைய ஏதோ ஒரு நாளாகவும் இருக்கலாம். வேறு எங்காவது, வேறு எந்த மண்ணிலாவதும் இருக்கலாம். தெரியாது. மண்வெட்டிக்காரர் அந்தத் ‘தெரியாது’வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனைவிக்கும் அதையே சொன்னார்.

அம்மாளிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் மாடியேறியதுமே அம்மாள் எழுந்து நின்றார்.

“எந்தக் கண்ணு அண்ணே?”

“உங்களுக்குத்தான் தெரியுமே. இடது. ஆனா தங்கச்சி, எப்ப வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியலையாம். நீங்க எதையும் மனசுல—”

“வலது நல்லா இருக்கா?”

“வலது தங்கமா இருக்கு. வலதால ஊசி கோப்பா.”

அம்மாள் தலையாட்டினார். உட்கார்ந்து அடுத்த ஸ்லைடை எடுத்தார். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மண்வெட்டிக்காரருக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி உண்டு.

ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தார். அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார். குனிந்த தலையும் வேறு மாதிரி சாய்ந்திருந்தது. இடது கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பக மண்ணில் அறுபத்து நாலை எண்ணிய வலது கண் சும்மா இருந்தது.

பத்து வருஷம் பழகிய கண்ணை விட்டுவிட்டுப் பழகாத கண்ணுக்கு மாறுவது, வலது கைக்காரர் இடது கையால் எழுதப் பழகுவதைப் போன்றது. முதல் மாதம் முழுக்க அம்மாளுக்குத் தலைவலி. நெற்றியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வேலை செய்தார். ஒரு நாளில் இருபது ஸ்லைடு பார்க்கிறவர் எட்டு பார்த்தார். இரண்டு வாரம் திருடன் ஐம்பதைத் தாண்டவில்லை. இருபது ஜாடிகளையும் திரும்ப முதலிலிருந்து செய்தார். சார் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். குமாஸ்தா மட்டும், “பூதக்கண்ணாடிக்கு வலது பக்கம் லென்ஸ் கழண்டுடுச்சா?” என்று கேட்டுவிட்டு மண்வெட்டிக்காரர் முறைத்த முறைப்பில் படியிறங்கினார். வருஷக் கடைசியில் இடது கண் வலதைப்போலவே ஆகிவிட்டது. திருடன் எழுபதைத் தாண்டினான்.

மண்வெட்டிக்காரர் ஒரே ஒரு முறை கேட்டார். அதுவும் சில்லுக் கண்ணாடி வைத்த இருபது நிமிஷத்தில்.

“ஏன் தங்கச்சி, வலது கண்ணுல ஏதாவது தொந்தரவா?”

“இல்லையே அண்ணே.”

“அப்புறம் எதுக்கு…”

அம்மாள் அடுத்த ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இந்த இடம் நிஜமா இருக்கா?”

“இருக்கு.”

“எப்படி இருக்கு, சொல்லுங்க.”

அவர் சொன்னார்.

சார் ஓய்வு பெற்றார், வேறு சார் வந்தார். சின்னக்குட்டி வளர்ந்து படித்து வேலைக்குப் போனாள். தன் இடது கண்ணைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் கிடையாது. “பிடிக்காதவங்க வந்தா இடது கண்ணால பாப்பேன்ப்பா, மூஞ்சி மறைஞ்சிடும்” என்பாள். அத்தையைப் பார்க்க வரும்போதெல்லாம் முள்ளுப் பந்து காட்டச் சொல்வாள். அம்மாளும் காட்டுவார். வலது கண்ணை வைக்கச் சொல்லிக் காட்டுவார்.

ஓய்வுக்குப் பதினோரு வருஷம் இருக்கும்போது பழைய மைக்ரோஸ்கோப்பை எடுத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் பார்க்கிற புதியதைக் கொண்டுவந்து வைத்தார்கள். புது சார் பெருமையோடு, “இனிமே ரெண்டு கண்ணுக்கும் சமமா வேலை, தலைவலியே வராது” என்றார். அம்மாள் நன்றி சொன்னார். அவர் போனதும் மேஜை டிராயரைத் திறந்து, பழைய பிலிம் டப்பாவின் கறுப்பு மூடி ஒன்றை எடுத்து வலது பக்கக் குழாயின் மேல் வைத்து அழுத்தினார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மண்வெட்டிக்காரர் சல்லடையைக் கழுவிக்கொண்டே அதைப் பார்த்தார். குழாயை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டார்.

பதினோரு வருஷம் அந்த மூடி அங்கேயே இருந்தது. கடைசி நாள் பிரிவு உபசாரம் முடிந்து, மாலையைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, அம்மாள் மாடியறைக்கு ஒருமுறை திரும்பி வந்தார். மூன்று வருஷம் முன்பே ஓய்வு பெற்றுவிட்ட மண்வெட்டிக்காரர் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மாள் மூடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, கைப்பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். ஸ்லைடு எதுவும் இல்லாத மைக்ரோஸ்கோப்பின் மேல் உறையைப் போர்த்தினார்.

“போலாமா அண்ணே?” என்றார்.